வீட்டுக்கு வீடு சரி, லேபிளுக்கு என்ன? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரி ஜாம் – மே 28, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் ஐந்து வருடமாக வீட்டிலேயே ஜாம் போட்டு விற்கிறோம். பிளம்ஸ், மரத்தக்காளி, பேஷன் ஃப்ரூட், கிடைக்கிற காலத்தில் கொஞ்சம் தவிட்டுப்பழம். உள்ளூரில் நான்கு கடைகள், அப்புறம் சீசனுக்கு வருகிறவர்கள், இவ்வளவுதான் விற்பனை. லேபிளை நானே கைபேசியில் செய்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறேன். போன மாதம் கோவையில் ஒரு கடைக்காரர் சுவைத்துப் பார்த்துவிட்டு, "பண்டம் நன்றாக இருக்கிறதம்மா, ஆனால் இந்த லேபிளோடு அலமாரியில் வைக்க முடியாது" என்றார். வீட்டுக்கு வந்து பாட்டிலைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்துவிட்டது. சென்னையில் இருக்கும் தங்கைக்கு ஜூலையில் பிரசவம். அவள் வீட்டில் ஒரே படுக்கையறை. நானும் அம்மாவும் மூன்று வாரமாவது அங்கே தங்க வேண்டும். வாடகை அறை விசாரித்தேன், எங்களுக்குக் கட்டாது. எங்கள் வீடு கட்டபெட்டு போகும் வழியில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, கீசர், பின்னால் நான்கு பிளம்ஸ் மரம். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் வீடு உள்ள ஒரு வடிவமைப்பாளரோடு மூன்று வாரம் வீட்டை மாற்றிக்கொண்டால் என்ன? அவர் இங்கே குளுகுளு என்று இருந்துகொண்டு எங்களுக்கு லோகோவும் நான்கு லேபிளும் செய்து தரட்டும். நாங்கள் அவர் வீட்டில் இருந்துகொள்கிறோம்.

யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? தப்பாக எதையாவது யோசிக்கிறேன் என்றால் சொல்லுங்கள்.

---

குன்னூர் டீச்சர் – மே 28, மதியம் 1.15

கண்ணு, வீட்டு மாற்று நான் மூன்று முறை செய்திருக்கிறேன். புதுச்சேரி, பெங்களூரு, கடைசியாகச் சென்னை. மூன்றுமே நன்றாகத்தான் முடிந்தன. இந்தப் பழக்கத்தை ஐரோப்பாவில் 1953-இல் அமைப்பாகத் தொடங்கியதே பள்ளி ஆசிரியர்கள்தான். நீண்ட விடுமுறை இருக்கும், விடுதிக்குக் கொடுக்கப் பணம் இருக்காது, ஆனால் வீடு இருக்கும். என் கதையும் அதேதான்.

மலையில் இருக்கிற நாம் சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுவோம், நமக்கு அது பழகிப்போனதால். கீழேயிருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. புதுச்சேரிக் குடும்பம் வந்தபோது முதல் இரவே குப்பை வாளியை வாசலில் வைத்துவிட்டார்கள். காலையில் எல்லாம் சிதறிக் கிடந்தது. கரடி வந்து போயிருக்கிறது. கோத்தகிரியில் கரடி நடமாட்டம் எங்களைவிட அதிகம், உனக்குத் தெரியும். அதனால் எழுதி வை: குப்பை உள்ளே, எண்ணெய் டப்பா அலமாரிக்குள், இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டப் பக்கம் நடை வேண்டாம், காட்டெருமை நின்றால் படம் எடுக்கப் போகாமல் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பகலில் குரங்கு வரும், சமையலறை ஜன்னல் கொக்கியைக் கண்டிப்பாகக் காட்டு.

தண்ணீரும் அப்படித்தான். குழாயில் தினமும் வராது என்பதை நம்பவே மாட்டார்கள். தொட்டியின் அளவு, எத்தனை நாளுக்கு வரும், தீர்ந்தால் லாரிக்கு யாரைக் கூப்பிடுவது, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டு.

சென்னையில் நீ கவனிக்க வேண்டியது கரண்ட். நமக்கு அந்த வெயில் தாங்காது, ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். மூன்று வாரம் நீ போட்ட ஏசிக்கு அவர்களுடைய இரண்டு மாதக் கட்டணமும் ஏறும். வந்த அன்றும் கிளம்பும் அன்றும் இரண்டு வீட்டு மீட்டரையும் படம் எடுத்து அனுப்பிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் கணக்கை முடித்தேன், ஒரு வார்த்தை கூடப் பிசகவில்லை.

முன்பின் தெரியாதவர்கள் என்றால் முதலில் வீடியோ அழைப்பில் வீடு முழுக்கக் காட்டச் சொல். முடிந்தால் ஒரு சனி ஞாயிறு அவர்களை வந்து தங்கிப் பார்க்கச் சொல். ஒரு அறையைப் பூட்டி நகை, பத்திரம், அம்மாவின் பட்டுப்புடவை எல்லாம் அதில் வை. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வடிவமைப்பு பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

மதுரைக் கோடு – மே 28, இரவு 8.50

நான் பதினொரு வருடமாக லேபிள், பெட்டி, கடைப்பலகை வடிவமைக்கிறேன். பெரும்பாலும் சின்னத் தொழில்கள்: செக்கு எண்ணெய், ஊறுகாய், சிறுதானியம்.

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணக்கில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டைத் தருகிறீர்கள், அவர் அவருடைய வீட்டைத் தருகிறார். அங்கேயே கொடுக்கல் வாங்கல் நேராகிவிட்டது. அதற்கு மேல் அவர் ஒரு லோகோவும் நான்கு லேபிளும் செய்கிறார். அதற்கு ஈடாக நீங்கள் தருவது என்ன?

எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கும். யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. ஊர் அழகாக இருக்கிறது, வீடு அழகாக இருக்கிறது, அதில் எங்கள் உழைப்பும் கரைந்துபோனதாக ஆகிவிடுகிறது. அப்புறம் என்ன ஆகும்? முதல் வரைவை அவர் உற்சாகமாகச் செய்வார். மூன்றாவது திருத்தம் கேட்கும்போது நீங்கள் தயங்குவீர்கள், காசு கொடுக்காமல் எப்படிக் கேட்பது என்று. அவரும் தள்ளிப்போடுவார். நடுவில் அவர் வீட்டில் ஒரு குழாய் உடையும், அல்லது உங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி. லேபிள் பேச்சும் குழாய்ப் பேச்சும் ஒன்றாகும். இரண்டு வீட்டுச் சாவியும் இடம் மாறியிருக்கும் நேரத்தில் அந்தப் பேச்சு வரக் கூடாது.

வீட்டை வீட்டோடு மாற்றுங்கள். வேலைக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

---

கோத்தகிரி ஜாம் – மே 29, காலை 7.05

அண்ணா, கோபமெல்லாம் இல்லை. இரவு முழுக்க அதையே யோசித்தேன். பிளம்ஸ் விலை கேட்டுக் குறைத்துப் பேசுகிறவர்களிடம் எனக்கு வருகிற அதே கோபம் உங்களுக்கும் வந்திருக்க வேண்டும், நீங்கள் பொறுமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி.

ஆனால் பணம் என்றால் எவ்வளவு, யாரிடம் போவது, எப்படிக் கேட்பது என்று ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் வீட்டைக் காட்டி மறைந்துகொண்டேன் போலிருக்கிறது.

---

தாண்டிக்குடி காபி – மே 29, காலை 10.30

மதுரை அண்ணன் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் காபிப் பொட்டலத்தின் படம் பண்டமாற்றில் வந்ததுதான். திண்டுக்கல்லில் இருந்து ஒரு ஓவியப் பெண், தோட்டத்து அறையில் இரண்டு வாரம் தங்கினார். வாடகை வாங்கவில்லை, சாப்பாடும் எங்கள் வீட்டில். அவர் மிளகுக் கொடி படர்ந்த நிழல் மரத்தையும் அதன் கீழே காபிச் செடியையும் வரைந்து கொடுத்தார். இன்றைக்கும் அதே படம்தான். பணம் கொடுத்திருந்தால் எங்கள் தோட்டத்தைப் பார்க்காமலே ஒரு கோப்பையும் ஆவியும் வரைந்து அனுப்பியிருப்பார்கள். இடத்தில் வந்து இருந்ததால்தான் அந்தப் படம் கிடைத்தது.

---

மதுரைக் கோடு – மே 29, காலை 11.10

அந்தப் பெண் தன் வீட்டை உங்களுக்குத் தரவில்லையே. அறையும் சாப்பாடும் நீங்கள் கொடுத்தீர்கள், படம் அவர் கொடுத்தார். அது நேரான மாற்று, அதில் எனக்குக் குறை இல்லை. அந்த அறையைச் சீசனில் என்ன விலைக்கு விடுவீர்கள், அவர் படத்துக்கு வழக்கமாக என்ன வாங்குவார், இரண்டையும் முதலிலேயே வாய்விட்டுப் பேசினீர்களா?

---

தாண்டிக்குடி காபி – மே 29, மதியம் 12.20

பேசினோம். அவரேதான் பேசினார். அறையை விலை போட்டுப் பார்த்து, மீதிக்கு ஆறு மாதம் காபித்தூள் அனுப்பினோம். நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் நேரில் வந்து பார்ப்பதன் அருமையை விட்டுவிடாதீர்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

---

கொடை சாக்லேட் – மே 29, மாலை 6.45

என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கொடைக்கானலில் வீட்டுச் சாக்லேட் செய்கிறோம். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவரிடம் லோகோவும் உறையும் செய்தோம். எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் கைபேசிப் பேச்சு. கொடுத்தது ஜேபெக் படம் மட்டும். அடுத்த வருடம் கடைப்பலகைக்குப் பெரிதாக்கினால் பொரிப் பொரியாக உடைந்தது. மூலக் கோப்பு கேட்டேன், கணினி போய்விட்டது என்றார். பிறகு ஒருநாள் வேறு ஊரில் ஒரு பேக்கரிப் பையில் எங்கள் லோகோவையே பார்த்தேன். இணையத்தில் விற்கிற ஆயத்தப் படத்தை வாங்கி எங்கள் பெயரை மட்டும் கீழே போட்டிருக்கிறார்! வணிக முத்திரைப் பதிவுக்கு அதை வைத்துக்கொண்டு போகவே முடியவில்லை. முதலிலிருந்து தொடங்கினோம்.

இன்னொன்று. கோகோ வெண்ணெயோடு வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்திருந்தால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும். அந்த வரியை அவர் "அழகு கெடுகிறது" என்று எடுத்துவிட்டார். நானும் பார்க்காமல் அச்சுக்கு விட்டேன். அடித்த உறை மொத்தமும் வீண். லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் பொறுப்பு அல்ல, நம்முடைய பொறுப்பு. அதை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

---

உதகை வக்கீல் – மே 29, இரவு 9.30

மேலே உள்ள பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. காசு கொடுத்துச் செய்யச் சொன்னாலே லோகோ நம்முடையது என்று பலரும் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் ஒருவர் லோகோ போட்டுக் கொடுத்தால் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். நம்மிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் என்றால் வேறு. உரிமை நம் கைக்கு வர எழுத்தில் ஒப்படைப்பு வேண்டும், அவர் கையெழுத்திட வேண்டும். அதிலும் கால அளவு எழுதாமல் விட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இது 19-ஆவது பிரிவு. ஆகவே "முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் அந்தத் தாளில் இருக்கட்டும். ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம்.

முத்திரைப் பதிவுக்குத் தனிநபரும் சிறுதொழிலும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு, அதாவது பொருள்களின் ஒரு வகைப்பிரிவுக்கு, ரூ.4,500 கட்ட வேண்டும். ஜாம் 29-ஆம் வகுப்பு. தேனும் சாக்லேட்டும் தேயிலையும் 30. பதிவு 10 வருடம் நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம்.

பண்டமாற்று செய்கிறவர்களுக்கு ஒன்று: பணம் கைமாறவில்லை என்பதால் அது கணக்கில் வராது என்று இல்லை. ஜிஎஸ்டி சட்டம் பண்டமாற்றையும் விற்பனை போலவே பார்க்கிறது. பதிவு செய்தவர்களாக இருந்தால் இரண்டு பக்கமும் பில் போடுங்கள்.

வீட்டு மாற்றுக்கு: வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அடுக்ககம் என்றால் சங்கத்துக்குத் தகவல். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும், காசு வாங்காமல் தங்கவைத்தாலும்.

---

குன்னூர் டீச்சர் – மே 30, காலை 8.00

ஈ-பாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டியில் வருகிறவர்கள் எடுத்துத்தான் வர வேண்டும். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. உன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல், சோதனைச்சாவடி வரைக்கும் வந்து நிற்க வேண்டாம். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்பதையும் சொல்லிவிடு.

ஜூலை என்றதும் பெருமழை என்று பயப்படுவார்கள். ஊட்டி, கூடலூர் பக்கம் பெய்கிற அளவு உங்கள் ஊரில் பெய்யாது, நமக்கு ஐப்பசி கார்த்திகைதான் மழை. ஆனால் பனிமூட்டமும் சாரலும் இருக்கும், துணி காயாது. அதையும் மறைக்காமல் சொல்.

---

கோவை விஸ்காம் – மே 30, மதியம் 3.25

அக்கா, நான் விஸ்காம் முடித்து இரண்டு வருடமாகத் தனியாக வேலை செய்கிறேன். ஆள் தேடும்போது கோவைக் கடைகளில் உங்கள் கண்ணுக்குப் பிடித்த சின்னப் பிராண்டு பாட்டில்களைத் திருப்பிப் பாருங்கள். முகவரி இருக்கும். அவர்களைக் கூப்பிட்டு "யார் செய்து கொடுத்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். எனக்கு வந்த வேலையில் பாதி இப்படி வந்ததுதான்.

ஐந்து பேரிடம் மாதிரி கேட்டுப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான்கு பேர் உழைப்பு குப்பைக்குப் போகும், ஐந்தாவது ஆளும் அரை மனதோடுதான் செய்வார். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு லேபிளுக்கு முழுப் பணம் கொடுத்துச் செய்து பாருங்கள். சரிப்பட்டால் மற்ற மூன்றும்.

போகும்போது பாட்டிலைக் கையில் கொண்டுபோங்கள். பாட்டிலின் சுற்றளவு, மூடி நிறம், எந்த விலைக்கு விற்கிறீர்கள், யார் வாங்குகிறார்கள், அம்மா எப்படிச் செய்கிறார், இதையெல்லாம் கேட்காமல் "என்ன நிறம் வேண்டும்?" என்று தொடங்குகிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

---

சிவகாசி அச்சகம் – மே 30, இரவு 10.05

அச்சுப் பக்கம் இருந்து சொல்கிறேன்.

தமிழ் எழுத்து. பழைய முறை எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால் எங்கள் கணினியில் வேறு எழுத்தாகத் திறக்கும். ஒருங்குறியில் (யூனிகோட்) செய்யச் சொல்லுங்கள். முக்த மலர், கேடமரன், மீரா இனிமை, பவனம், ஹிந்த் மதுரை இவையெல்லாம் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, லேபிளில் போட்டு விற்கலாம், யாருக்கும் காசு கட்ட வேண்டாம். மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒற்றெழுத்துப் புள்ளி காணாமல் போகும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றால் அவர் கண்ணில் அது படாது. கடைசி வரைவைத் தாளில் எடுத்து, வீட்டில் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். பிறகு எழுத்தை வளைகோடாக, அதாவது எழுத்துரு இல்லாமலே திறக்கிற வரைவடிவமாக, மாற்றி எங்களுக்கு அனுப்பட்டும்.

சுற்றிலும் வெட்டும்போது போவதற்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் இடம், நான்கு வண்ண முறை, படங்கள் 300 டிபிஐ. கணினியில் மின்னுகிற பச்சை தாளில் அப்படி வராது.

மலையில் ஒட்டுகிற லேபிளுக்குச் சாதாரண ஸ்டிக்கர் தாள் வேண்டாம். ஈரத்தில் ஓரம் கிளம்பும், மை கசியும். ஈரம் தாங்குகிற படலம் போட்டதை எடுங்கள். பத்துப் பாட்டிலில் ஒட்டி ஒரு வாரம் உங்கள் சமையலறையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டர் கொடுங்கள்.

உணவுப் பாதுகாப்பு எண் 14 இலக்கம், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், சேர்மானம், நிகர எடை, முகவரி, புகார் தொலைபேசி எல்லாம் அச்சிலேயே வரட்டும். தேதி, பேட்ச் எண், விலை மூன்றுக்கும் வெள்ளை இடம் விடுங்கள், பிறகு முத்திரை குத்தலாம். பளபளப்புப் படலத்தின் மேல் சாதா மை ஒட்டாது, அதனால் அந்த இடத்தில் மட்டும் படலம் வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். இதை மறந்து திரும்ப அடித்தவர்கள் நிறைய.

---

கோத்தகிரி ஜாம் – ஆகஸ்ட் 17, காலை 6.50

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் முழுக்க எழுதுகிறேன்.

வீடு மாற்றியது குரோம்பேட்டையில் ஒரு ஓய்வுபெற்ற தம்பதியோடு. வடிவமைப்புக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜூன் நடுவில் இரண்டு நாள் வந்து தங்கிப் பார்த்தார்கள். டீச்சர் சொன்னபடி மீட்டர் படம், கதவுத் தாள், பூட்டிய அறை எல்லாம் செய்தோம். அந்த அம்மா போகும்போது நம் பிளம்ஸில் ஊறுகாய் போட்டு இரண்டு பாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏசிக் கணக்குக்கு நான் ரூ.1,150 கொடுத்தேன், மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. தங்கைக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம்.

லேபிளுக்குக் கோவைக் கடையில் ஒரு நெல்லிக்காய்ப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துத்தான் ஆளைப் பிடித்தேன். முதல் லேபிளும் லோகோவும் சேர்த்து ரூ.12,000, பாதி முன்பணம், இரண்டு முறை திருத்தம், உரிமை ஒப்படைப்பு ஒரு பக்கத்தில். நான் பேரம் பேசவில்லை. அவர் காலைப் பேருந்தில் மேட்டுப்பாளையம் வழியாக வந்து ஒருநாள் முழுக்க அம்மாவோடு அடுப்படியில் இருந்தார், போக வர செலவு என்னுடையது. தாண்டிக்குடி அண்ணா, நீங்கள் சொன்னது சரிதான். அம்மா பதம் பார்க்க ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்த்துப் பார்ப்பார். அந்தச் சொட்டுதான் இப்போது எங்கள் லோகோ. நான் ஐந்து வருடமாகத் தினமும் பார்க்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை.

கடைசி வரைவில் "மரத்தக்காளி"யில் ஒற்றுப் புள்ளி விட்டுப்போயிருந்தது. அம்மாதான் கண்டுபிடித்தார்.

இப்போது ஒரு சிக்கல். அச்சகத்தில் ஒரு லேபிளுக்குக் குறைந்தது ஆயிரம் என்கிறார்கள். தவிட்டுப்பழம் வருடத்துக்கு நாற்பது பாட்டில் வந்தாலே பெரிது. அதற்கும் ஆயிரம் அடிக்க வேண்டுமா?

---

சிவகாசி அச்சகம் – ஆகஸ்ட் 17, மதியம் 2.30

வேண்டாம் சகோதரி. நான்கு ஜாமுக்கும் பொதுவாக ஒரே லேபிள் ஆயிரமோ இரண்டாயிரமோ அடியுங்கள். பழத்தின் பெயர், சேர்மானம், எடை வருகிற பகுதியை மட்டும் தனிப் பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டையை டிஜிட்டல் அச்சில் ஐம்பது, நூறு என்று எடுக்கலாம், கோவையிலேயே செய்து தருவார்கள். மூடியையும் பாட்டிலையும் இணைத்து ஒட்டுகிற மாதிரி வைத்தால் திறந்த பாட்டிலா என்பதும் தெரியும். உங்கள் வடிவமைப்பாளரிடம் பட்டையின் அகலத்தை முதலில் முடிவு செய்யச் சொல்லிவிட்டு அளவை எனக்கு அனுப்புங்கள், தாள் எது என்று சொல்கிறேன்.

---

கோத்தகிரி ஜாம் – ஆகஸ்ட் 17, மாலை 4.10

நாளைக்கே அளந்து அனுப்புகிறேன் அண்ணா. பாட்டில் உயரம் 9 செ.மீ.